தம்பி நிறுத்திய குளிசை

வெளிநாடு போவதற்கு எடுத்த மெடிக்கலில்தான் தம்பிக்குத் தெரிய வந்தது. இரத்தத்தில் கிருமி. ஈரலைக் கெடுக்கும் கிருமி. பயணம் நின்றது. வீட்டில் எல்லோரையும் இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள்.

நான் அவனுக்கு மூத்தவன், நானா. எனக்கும் அதே கிருமி வந்திருக்கிறதாம். எப்போதோ வந்து, தானாகவே போய்விட்டதாம். வந்த அடையாளம் மட்டும் இரத்தத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு காய்ச்சல்கூட.

தம்பிக்குப் போகவில்லை. ஈரலில் தழும்பு விழுகிறது, ஒவ்வொரு நாளும் மருந்துக் குளிசை போட வேண்டும், விடக்கூடாது என்றார் கிளினிக் டொக்டர்.

ஈரல் என்றால் குடி என்றுதான் ஊரில் நினைப்பார்கள். தம்பி வாயில் ஒரு சொட்டுப் படாதவன். பாலாவி உப்பளத்தில் என்னோடு லொறிக்கு மூட்டை ஏற்றுகிறான். அங்கே ஒருவன் ஈரலுக்கான குளிசை என்று கண்டுவிட்டு, "ஹாஜியார், ஒங்கட கள்ளுத் தவறணை எது?" என்று கேட்டான். தம்பி சிரித்தான். பிறகு ஒளித்துப் போட்டான். பிறகு போடவே இல்லை.

கண் மஞ்சளான பிறகுதான் அவன் மனைவி வந்து சொன்னாள். அலுமாரியில் குளிசை அட்டைகள் பிரிக்காமல் கிடக்கின்றனவாம்.

போனேன். கதிரையில் சாய்ந்திருந்தான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தானாப் போச்சிதானே நானா. ஒரே உம்மாட வயிறு. எனக்கும் போகும்."

நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். அவனை இருக்க வைத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் இடம் இருந்தது. இருக்க ஏலவில்லை.

டொக்டர் ஏசினார். குளிசையை நிறுத்தினால் கிருமி முன்னையைவிட மோசமாக எழும்பும் என்றார். வார்டில் வைத்தார்கள். ஒரே சோறு தின்று வளர்ந்தோமே, ஏன் இப்படி என்று அவரிடம் கேட்டேன். நல்ல பிள்ளை. நின்று சொன்னார்.

"கிருமியை அடையாளம் பிடிக்கிறதுக்கு ஒடம்புல காவல் இரிக்கி. அது எப்படிப்பட்ட காவல் எண்டதை உம்மா வாப்பாட மரபணுவும் தீர்மானிக்கும். ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பாதி பாதி வரும். ஒங்களுக்கு வந்த பாதி அவருக்கு வந்திருக்கும் எண்டில்ல. கிருமி எந்த வயசுல வந்த எண்டதும் இரிக்கி. இவருக்கு எதால எண்டு எனக்கும் சொல்ல ஏலாது."

"வாப்பாட வளவுக் காணியைச் சரிபாதியாத்தானே பிரிச்சோம்," என்றான் தம்பி. "இதுல நானா கூட எடுத்துட்டாரு."

டொக்டர் சிரித்தார். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். நான் உழைத்து வாங்கியது இல்லை அது. அவன் பிழை செய்து இழந்ததும் இல்லை.

திரும்பி வந்தபோது அவன் டொக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப, குடிச்சு வந்ததில்லதானே?"

"இல்ல."

"பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேக்கச் சொல்லுங்க."

டொக்டர் சத்தமாகச் சொன்னார். தம்பி தண்ணீர் கேட்டான். எல்லோரும் பார்க்கக் குளிசையைப் போட்டான்.

கண் வெளுக்க நாள் எடுத்தது. இப்போது உப்பளத்தில் தேத்தண்ணி நேரத்தில், ஆட்கள் நடுவில் வைத்துப் போடுகிறான். ஈரல் முழுதாகத் தேறுமா என்று டொக்டர் சொல்லவில்லை. இனிக் கெடாமல் பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான்.

கிளினிக் நாளில் நானும் போகிறேன். இரத்த ரிப்போட் வரும் வரைக்கும் வாசலுக்கும் தம்பி இருக்கும் வாங்குக்கும் நடக்கிறேன்.

"இரிங்க நானா," என்கிறான் தம்பி. "நோய் எனக்குத்தானே."

நடக்கிறேன்.