தனியாக ஆடுவதற்கு எதற்கு இன்டர்நெட்

கேபிளை அறுத்தவர்களை நான் மன்னித்துவிட்டேன். அந்த கேம் கம்பெனிக்காரனைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

துபாயில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருப்போம். குளிக்கும்போதுகூட வெளியே ஒருவன் கதவைத் தட்டுவான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் ஆவுடையார்கோவில் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு வந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கேம் ஆடுவேன். ஒற்றை ஆள், பனிமலை, நெடுந்தூர நடை, அவ்வளவுதான் அந்த கேம். எதிரே ஆட ஆள் கிடையாது, பேச்சுச் சத்தம் கிடையாது. எனக்கு அந்தத் தனிமைதான் லீவு. போன லீவில் பாதி, இந்த லீவில் மீதி என்று ஆடிக் கடைசி மலைக்கு வந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் திருவிழா. என்னைப் பெற்ற ஆத்தா எனக்காகப் பால்குடம் நேர்ந்திருந்ததால் என் கையிலும் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தேர் வரும் தெருவில் குறுக்கே தொங்கும் வயர்களை அவிழ்த்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். இந்த முறை நேரமில்லை என்று, பிறகு முறுக்கி டேப் சுற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பில், கமிட்டிக்காரர்கள் இன்டர்நெட் கேபிளைத் தொரட்டியால் அறுத்துவிட்டார்கள். அது கண்ணாடி இழை, ஒட்டுவதற்கு அறந்தாங்கியிலிருந்து மிஷின் வரவேண்டும் என்று கேபிள்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கென்ன, நான் தனியாகத்தானே ஆடுகிறேன் என்று கதவைச் சாத்தினேன். சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று திரையில் வந்து நின்றது. போன் நெட்டைக் கொடுத்தேன். முதலில் அப்டேட் போடு என்றது. அன்றைய டேட்டா முழுவதையும் விழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்றது. கேம் என்னுடையது, டிவி என்னுடையது, கரண்ட் பில் கட்டுகிறவன் நான். என் வீட்டுக்குள் நான் தனியாக ஆட, எங்கோ இருக்கும் ஒருவனிடம் கைகட்டி நின்று கேட்க வேண்டுமாம். என்ன திமிர்! மீமிசலில் இருக்கும் மச்சான் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கையில் காப்போடு எங்கே போவது? போனாலும் அந்த வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஆட வேண்டும்.

காப்பு அவிழ்த்த மறுநாளே பயணம். திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது மனைவி போன் செய்தாள்.

"நெட்டு வந்துருச்சுங்க. கேமும் தெறக்குது. ஆனா இந்த மாசக் கடைசியோட சர்வர மூடுறாங்களாம். அதுக்கப்பறம் ஆட முடியாதுன்னு போட்டுருக்கு."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். எனக்கு அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

"நான் வேணா ஆடி முடிச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லவாங்க?"

ஆறுதலாகத்தான் கேட்டாள். பாவம், அவளுக்கு ஆடவே தெரியாது.

"வேணாம். அந்தக் கடைசி மலையில நான்தான் ஏறணும்" என்றேன்.

வரிசை நகர்ந்தது. அந்தக் கம்பெனிக்காரன் கட்டையில் போக என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் பெட்டியைத் தள்ளினேன்.