ஒன்று மட்டும் பாக்கி

என் அண்ணன் எதையும் முழுசாக முடித்ததாக எங்கள் வீட்டில் சரித்திரமே கிடையாது. ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டான். தீபாவளிக்கு முன்கேட்டுக்குச் சாயம் அடிக்கிறேன் என்று ஆரம்பித்து ஒரு பக்கக் கதவோடு நிறுத்திவிட்டான். மறுபக்கம் துருவோடு அப்படியே நின்றது. ரொட்டி சானாய் சாப்பிட்டால்கூடக் கடைசித் துண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

"கடசித் துண்ட யாருக்குடா வெச்சிருக்க?" என்று அம்மா கத்துவாள்.

"ஒங்களுக்குத்தாம்மா."

திட்டிக்கொண்டே அம்மா அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

வீடியோ கேமிலும் இதே கதைதான். லூனாஸ் இரவுச் சந்தையில் மலிவாக விற்ற திருட்டு டிஸ்க்குகளை வாங்கி வந்து, எங்கள் பழைய பிஎஸ் டூவில் போட்டு விழுந்து விழுந்து விளையாடுவான். கடைசிக் கட்டம் வரும்போது பார்த்து அடுத்த டிஸ்க்குக்குத் தாவிவிடுவான். கேட்டால், "முடிச்சிட்டா அப்புறம் என்னா இருக்கு, சொல்லு பாப்போம்" என்பான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுத்த கண்ட்ரோலரின் வயரை அவன் செருகியதே இல்லை என்பது எட்டு வயதில்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அவன் பத்தொன்பது வயதில் செத்துப்போனான். கூலிம் பேக்டரியில் காலை ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியில் மோதினான். பின்னால் உட்கார்ந்திருந்த அவனுடைய கூட்டாளிக்கு வலது கை மட்டும் உடைந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

துக்க வீடு என்பதால் டிவி போடக் கூடாது. அப்பாவின் வேட்டி ஒன்றால் டிவியை மூடி, அதன் மேலேயே அண்ணன் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். காரியம் முடியும்வரை கூட இருப்பதற்காக அப்பாவின் அக்கா செர்டாங்கிலிருந்து வந்திருந்தார். மூன்றாம் நாள் அந்த அத்தை பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"சின்ன வயசுலா. ஆச எதுவும் தீரல. பாதில விட்டத நெனச்சிக்கிட்டு வாசல்லயே நிக்கும், பாவம். பதினாறுக்குள்ள கொற எல்லாம் தீத்து அனுப்பிறணும். இல்லன்னா போகாது, இங்கயேதான் சுத்தும்."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். அண்ணன் பாதியில் விட்டவை என்னென்ன என்று இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? எந்த விளையாட்டை எங்கே நிறுத்தினானோ அதெல்லாம் விரல் நீளமுள்ள ஒரு கறுப்பு மெமரி கார்டில் பத்திரமாக இருந்தது. மொத்தம் ஒன்பது. பதின்மூன்று நாள் மிச்சமிருந்தது.

மறுநாள் மதியம் பெரியவர்கள் அசந்த நேரம், பிஎஸ் டூவைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு பின்வரிசையில் இருந்த கூட்டாளி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டுப்போட்ட கையோடு தனியாகத்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி பாப்பா. எனக்குக் கை ஆவாது. நான் சொல்றேன், நீ அமுக்கு."

இப்படித்தான் ஆரம்பித்தோம். பிணங்கள் எழுந்து துரத்துகிற விளையாட்டில் கண்ணை மூடிக்கொண்டே சுட்டேன். பந்து விளையாட்டில் கோப்பை வாங்க இரண்டு நாள் ஆனது. வாள் சண்டையில் கோட்டைக் கதவைத் தாண்டுவதற்குள் எத்தனை முறை செத்தேன் என்று கணக்கே இல்லை. "இடது பக்கம் போ, இடது பக்கம். ஐயோ பாப்பா, அது சோத்துக்கைப் பக்கம்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். நடுநடுவே அழுதுவிடுவார். அவர் அழுது முடிக்கும்வரை நான் ஆட்டத்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பேன்.

ஒரு நாள் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நாந்தான் பாப்பா வேகமா போ, மழ வருதுன்னு சொன்னேன்" என்றார்.

"பரவால்லண்ணே. இப்ப எந்தப் பக்கம்?" என்றேன்.

ஒவ்வொன்றாக முடிந்தது. முடிந்ததும் ஓடிவந்து விளக்குக்கு முன்னால் நின்று அண்ணனிடம் மெதுவாகச் சொல்லிவிடுவேன். எட்டாம் நாள் படையலில் நாசி லெமாக் சோற்றோடு அத்தை ஒரு சிகரெட் பெட்டியையும் வைத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்பருந்து?" என்று கேட்டாள். அத்தை விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் பேசவும் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை.

பதினைந்தாம் நாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். விவசாய விளையாட்டு. நிஜத்தில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாதவன் அதில் முட்டைக்கோசு போட்டு, மாடு வளர்த்து, வீடும் கட்டியிருந்தான். குடியானவனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். பூக்கடைப் பெண்ணுக்குப் பூக்கொடுத்துக் கல்யாணம் செய்துவிட்டால் கதை முடிந்தது. அண்ணனை எடுப்பதற்கு முன்னால், கல்யாணம் ஆகாதவன் என்று ஒரு வாழைக்கன்றுக்குத் தாலி கட்டவைத்ததைப் பார்த்திருந்தேன். இந்தப் பெண் அதைவிட நன்றாகவே இருந்தாள்.

நான் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வாசலில் வந்து நின்றாள். என்னைத் தேடி வந்திருக்கிறாள். கூட்டாளி அண்ணன் பதறி எழுந்தார். முதுகில் ஒன்று விழப்போகிறது என்று நான் குனிந்துகொண்டேன். அம்மா அடிக்கவில்லை. திரையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"யாரு இது?"

"அண்ணன்."

"என்னா பண்ணுது?"

"மாட்டுக்குத் தீனி போடுது. காலைல எழுந்ததும் அதான் மொத வேல."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அத்தை சொன்னதையும், எட்டு முடித்ததையும், நாளைக்குள் கல்யாணத்தை முடித்துவிடுவேன் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். "இது ஒண்ணுதாம்மா பாக்கி. முடிச்சிட்டா அண்ணன் நிம்மதியா போயிரும்."

கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"இதெல்லாம் எதுல இருக்கு?" என்று கேட்டாள். பெருமையோடு மெமரி கார்டைத் தொட்டுக் காட்டினேன். அம்மா எட்டி அதை உருவி, சேலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு பாக்கி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. மந்திரம் சொன்ன பண்டாரம், "எந்தக் கொறையும் இல்லாம நல்லபடியா போப்பான்னு எல்லாரும் மனசுல சொல்லுங்க" என்றார். எல்லோரும் இரண்டு கையையும் கூப்பினார்கள். அம்மா ஒரு கையால் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். குறையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் இருண்ணே, நாளைக்கு முடிச்சிர்றேன்" என்றுதான் அவனிடம் சொன்னேன்.

அம்மா அந்தக் கார்டைத் திருப்பித் தரவே இல்லை. கேட்கும்போதெல்லாம், "எங்க வெச்சேன்னு தெரியல" என்பாள். அரிசி டின்னிலிருந்து சாமிமாடம் வரை தேடிப் பார்த்துவிட்டேன். அண்ணனை அம்மாதான் போகவிடாமல் நிறுத்திவைத்துவிட்டாள் என்று பல வருடம் அவளை மனசுக்குள் கரித்துக்கொட்டினேன். மழை பெய்தால் எனக்குக் கண் முன்கேட்டுக்குப் போகும். நனைகிறானே என்று இருக்கும். அம்மாவும் ஜன்னலோரம் வந்து நின்று கேட்டையே பார்ப்பாள். கொடியில் துணி கிடக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும், அதை அவளும் என்னைப் போலவே அப்படியே நம்பியிருப்பாள் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.