ஆத்தாவிடம் சொல்லிவிட்டு எடுத்த ரத்தம்

என் தம்பிக்குக் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை இறக்கும் வேலை. தேர்த் திருவிழாவுக்கென்று அக்கரப்பத்தனைக்கு வந்தவன் காய்ச்சலோடு வந்தான். தேர் வடத்தை அவன் தொடவேயில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் உள்ளறையில் இரண்டு கம்பளிகளுக்குக் கீழே கிடந்து, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவனுடைய முழங்கைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா அவற்றை உற்றுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய், தாளிப்பதற்காக அடுப்பில் வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியை இறக்கினார்.

“ஆத்தா வந்திருக்கா,” என்றார்.

அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வார்கள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளிப்பதில்லை, வெளியாள் உள்ளே வருவதில்லை. உடம்பில் ஊசி படக்கூடாது. பட்டால் அது உள்ளே இருக்கும் மாரியம்மனைக் குத்துவதாகிவிடும். எங்கள் குளிரில் வேம்பு வளராது. ஹட்டன் கோயிலடியில் வாங்கிய கொத்து வந்து சேரும்போதே வாடியிருந்தது. அம்மா அதை வாசல் நிலையில் செருகினார்.

நான் டெங்கு என்றேன். கடைத்தெருவில் பலருக்கு டெங்கு என்று தம்பியே சொல்லியிருந்தான்.

“நம்ம குளிருக்கு ஏது கொசு?”

“இவன் குளிருலயா இருந்தான்? ரத்தம் மட்டும் பாத்துட்டு வந்துரலாம்மா.”

“ஆத்தா இருக்கிற ஒடம்புல ஊசி ஏத்தி, இவனுக்குக் கண்ணு போச்சுன்னா நீ குடுப்பியா?”

அது வெறும் பேச்சு அல்ல. அம்மாவின் அக்கா சிறுவயதில் அம்மை கண்டு ஒரு கண்ணை இழந்தவர். ஊசி போட்டதால்தான் கண் போனது என்று அந்த வீட்டில் இன்றும் நம்புகிறார்கள்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. அம்மாவின் முகம் தெளிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிவிடுவாள் என்று வேப்பிலையும் மஞ்சளும் போட்டு ஒரு பானை நிரப்பினார். வெயிலில் வைத்துச் சூடேற்ற வேண்டிய தண்ணீர் அது. அன்று ஒரே மூடுபனியாக இருந்ததால் அடுப்பிலேயே வைத்தார். தம்பி எழுந்து பின்வாசல் வரை நடந்தான். அங்கே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“வயிறு வலிக்குதுக்கா.”

அவன் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அந்தப் பனியில் யார் கையும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அவன் இரண்டு கம்பளிகளுக்குள்ளிருந்து அப்போதுதான் வந்தவன். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து என்று நான் வேலை செய்யும் பத்திரிகையில் நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது ஒரு வரி. அதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அம்மா அவன் கையை வாங்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாமி படத்தின் முன் சூடம் ஏற்றினார்.

“ஆத்தா, இவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஊசி குத்துவாங்க. ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்றோம், கோவிச்சுக்காத.” என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “த்ரீவீல கூப்பிடு.”

ஆஸ்பத்திரியில் முதல் ரத்த அறிக்கையிலேயே டெங்கு என்று தெரிந்தது. வெள்ளணுவும் பிளேட்லெட்டும் குறைந்திருந்தன. டொக்டர் சிங்களப் பெண், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இன்னொரு சோதனையும் வேண்டும் என்று சீட்டில் ‘ஃபெரிட்டின்’ என எழுதினார்.

“அது இரும்புச் சத்து பாக்கிறதுதானே?” என்று கேட்டேன்.

“அதுக்கும்தான். வைரஸோட உடம்பு எவ்வளவு கடுமையா சண்டை பிடிக்குதுன்னும் காட்டும். சண்டை கூடினா ரத்தக் குழாய்ல இருந்து தண்ணி கசியும். பயம் அதுக்குத்தான்.”

“கூடியிருந்தா?”

“கட்டாயம் மோசமாகும்னு இல்ல. யாரை நர்ஸ் மேசைக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு தெரியும்.”

அந்தச் சோதனை வெளியே ஓர் ஆய்வுகூடத்தில்தான். அவனிடமிருந்து எடுத்த ரத்தம் இருந்த சிறு சோதனைக் குழாயை நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். உள்ளங்கையில் அது இளஞ்சூடாக இருந்தது. மாலையில் வந்த அறிக்கையில் அளவு மிகவும் கூடியிருந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேர் வந்து தம்பியின் கட்டிலைத் தாதியர் மேசைக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன் பிறகு திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். குடித்த தண்ணீரையும் கழித்த சிறுநீரையும் அளந்தார்கள். ஒவ்வொரு முறை ஊசி வரும்போதும் அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் பேசினார். தம்பி அதைக் கவனித்துவிட்டான்.

“யம்மா, ஒவ்வொரு தடவையும் ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கணுமா? மலையில வேல வாங்குற கண்டாக்கையாவே பரவாயில்ல போல.”

“வாய மூடிட்டுக் கஞ்சித் தண்ணியக் குடி.”

அவன் சிரித்தான். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. அம்மாவும் அதைப் பார்த்தார். தலைப்பால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, என் கண்ணில் படாதபடி கறை பட்ட இடத்தை உள்பக்கமாக மடித்துக்கொண்டார்.

மறுநாள் பிளேட்லெட் இன்னும் இறங்கியது. தண்ணீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் அளவு ஏறியது. அதற்கு மறுநாள் காலை அறிக்கையில் பிளேட்லெட் மேலும் குறைந்திருந்ததைப் பார்த்து, படிப்பதை அத்தோடு நிறுத்தி மடித்துவிட்டேன். டொக்டர் அதை வாங்கிப் பிரித்து வேறு ஒரு வரியில் விரல் வைத்தார்.

“வெள்ளணு கூடியிருக்கு. முதல்ல திரும்புறது அதுதான். கசிவும் நின்ன மாதிரி இருக்கு.”

அன்று பிற்பகல் காய்ச்சலோடு ஒரு பாடசாலை மாணவியைக் கொண்டுவந்தார்கள். தாதி தம்பியின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னார். அம்மா கட்டில் கம்பியை விடவில்லை.

“இங்கயே இருக்கட்டும் மிஸ்.”

“இந்த இடம் இப்ப அவருக்குத் தேவையில்ல அம்மா.”

அம்மா அந்த மாணவியைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, சேலைன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலோடு கூடவே நடந்தார்.

சாயங்காலம் மறுபடியும் ஊசி வந்தது. தம்பி கையை நீட்டவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

“சொல்லிட்டியா?”

“சொல்லியாச்சு. கைய நீட்டு.”