மூன்றாம் ஷிப்டில் மூழ்கிய கப்பல்

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவன் நான். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது வயது நாற்பது; கால் நனைந்ததும் செருப்பைத் தேடி ஓடினேன். அப்படிப்பட்ட நான்தான் கேன்டீனில் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றி வகுப்பெடுத்தேன். காரணம் என் தாத்தா. உலகப் போரின்போது எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தவர். நீர்மூழ்கி ஒன்று தாக்கியதில் கப்பல் எரிந்து மூழ்கியது. அவர் உடல் கிடைக்கவில்லை. இயந்திர அறையில் மசகு எண்ணெய் போடும் ஆள்தான் அவர். நான் சொல்லச் சொல்ல உயர்ந்து, கேப்டனுக்கு அடுத்த இடத்துக்கே வந்துவிட்டார். எனக்குக் கிடைக்காத பிரமோஷன் அவருக்காவது கிடைக்கட்டுமே.

அப்பாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே கப்பலேறிப் போனவர் தாத்தா. "எங்கப்பா செத்த தேதி தெரிஞ்சா, அன்னிக்கு மாதா கோயில்ல ஃபாதர்கிட்ட சொல்லி ஒரு பூசை வெச்சிடலாம்" என்று மட்டும் எண்பது வயது தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு எழுதி, கப்பல் மூழ்கிய விவரத்தை வாங்கி, காலண்டரில் தேதியை வட்டம் போட்டுக் கொடுத்தேன். மூன்று வருடம் அந்தத் தேதியில் இறந்தவருக்கான பூசை நடந்தது. அப்பா முன்வரிசையில் அழுதார். நான் பின்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் மகளுக்குக் காட்டலாம் என்று அந்தக் காகிதத்தை எடுத்தால், நான் வட்டம் போட்டிருந்தது முந்தின நாளை. கப்பல் தாக்கப்பட்டது அதிகாலை இரண்டு மணிக்கு. எங்கள் மூன்றாம் ஷிப்ட் இரவு பத்துக்குத் தொடங்கி காலை ஆறு வரை ஓடும். நள்ளிரவு தாண்டி என்ன நடந்தாலும் முந்தின நாள் தேதியில்தான் எழுதுவோம். தாத்தாவின் சாவையும் அதே பழக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். இவனுக்கா பிரமோஷன் கொடுப்பார்கள்?

இரண்டு நாள் மறைத்துப் பார்த்தேன். அப்பாவிடம் போய் நின்றேன்.

"நாந்தாம்பா தப்பு பண்ணிட்டேன். ஒரு நாள் முன்னாடியே பூசை வெச்சிட்டோம். அவரு செத்தது மறுநாள் விடியக்காலையில."

அப்பா காலண்டரை எடுத்து, நான் போட்ட வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நாம பூசை வெச்ச நாள்ல அவரு உசுரோட இருந்தாரா?"

"ஆமாப்பா. நாள் பூரா."

"அவரு உசுரோட இருந்த நாள் ஒண்ணுகூட எனக்குத் தெரியாதுடா" என்றார். "செத்த நாளுக்கு வேற பூசை வெச்சுக்கலாம். இத நிறுத்தாத. ஃபாதர்கிட்ட நன்றிப் பூசைன்னு எழுதிக் குடு."