அப்பா மறியலில் சாகவில்லை

வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் பச்சை வாசனை பஸ்ஸுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் மறிக்கப்பட்ட காலம் அது. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்ட எங்கள் பஸ், ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளுக்கு நடுவே பாதி வழியில் நின்றுவிட்டது. அப்பா வீட்டிலேயே 'சக்கரை ஊசி'யான இன்சுலினைப் போட்டுக்கொண்டு, இட்லியை டவுன் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தார். எனக்குப் பதினொரு வயது.

வெயில் ஏற ஏற அவர் சட்டை தொப்பலாக நனைந்தது. விரல்கள் நடுங்கின. என்றுமே என்னை அதட்டாதவர் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார், பிறகு நாக்குக் குழறியது. "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு" என்று பின் சீட்டில் ஒருவர் சிரித்தார். அப்பா சாராயத்தைத் தொட்டதே இல்லை. "பசிக்குதும்மா" என்று அவர் முனகியது எனக்கு மட்டும் கேட்டது. இறங்கி ஓடி, ஒரு வண்டியிலிருந்து கரும்பை உருவி ஒடித்து வந்தேன். கூட வந்திருந்த பெரியப்பா அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினார்.

"சக்கரை வியாதிக்காரனுக்குக் கரும்பு குடுக்கறியே, இன்னா புள்ள நீ? உங்கப்பன் உசுரோட இருக்கணுமா வேணாமா?"

பஸ்ஸே தலையாட்டியது. நானும் நம்பினேன்; என்மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான். அந்த வியாதிக்கு எங்கள் ஊர் அறிந்த ஒரே வைத்தியம் இனிப்பை ஒளித்துவைப்பது. சர்க்கரை இறங்கினாலும் ஆள் போய்விடுவான் என்று ஊசி எழுதிக்கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா நினைவு தப்பிச் சாய்ந்ததும், மரத்தை வெட்டியவர்களே ஓடிவந்து அவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை. நடந்ததைக் கேட்ட டாக்டர், "சக்கரை கம்மியாப் போயிருக்கு. நெனவு இருக்கச்சே கொஞ்சம் சக்கரை குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரே" என்றார்.

இன்று அந்தச் சாலையில் ஒரு புளியமரம்கூட இல்லை. விரலில் குத்திப் பார்க்கும் மிஷின் பல வீடுகளில் இருக்கிறது. போன மாதம், இப்போது தானும் சக்கரை ஊசி போட்டுக்கொள்ளும் பெரியப்பாவுக்கு அதே வியர்வை, அதே நடுக்கம், அதே குழறல். நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கலக்கி நீட்டினேன். "எனக்கு ஆவாதும்மா" என்று முகத்தைத் திருப்பினார். "குடிங்க!" என்று நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டார் ஓடிவந்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தவர் அவர்களிடம் பெருமையாகச் சொன்னார்:

"எந்தம்பி மவ. பாவம், இவ அப்பன் மறியல்ல செத்துட்டான். ரோடு மட்டும் தெறந்திருந்தா பொழைச்சிருப்பான்."

சர்க்கரை மறுபடி இறங்காமலிருக்க, அடுத்து அவர் சோறு சாப்பிட்டாக வேண்டும். தட்டை அவர் முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் குழம்பு தரையெல்லாம் சிந்தியது.