சூடம் அணையும் வரை ஓடிய கார்

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் நானும் மாமியாரும் இருக்கிறோம். "கார் சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும், வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் வெள்ளிக்கிழமைதோறும் காருக்குப் பொட்டு வைத்து, ஸ்டார்ட் செய்து, சூடம் காட்டுவேன். சூடம் அணைந்ததும் நிறுத்திவிடுவேன். ஓட்டத் தெரிந்தும், வேலையில்லாமல் பெட்ரோலைச் செலவழிக்க மனசு வராது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை மாமியாருக்கு மூச்சு திணறியது. சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை. தாளடி நெல் நடவுக்கு வயலை உழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டு செல்வம், டிராக்டரையே வாசலுக்குக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் காரைக் கிளப்பினார். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மாமியார் மறுநாளே வீடு திரும்பினார்.

பிறகு செல்வம் சொன்னார்: "ஸ்டார்ட் ஆகத்தான் நிறைய சார்ஜ் இழுக்கும் அண்ணி. அரை மணி நேரமாச்சும் ஓட்டினாத்தான் திரும்ப ஏறும். நீங்க வாராவாரம் இருந்த சார்ஜையும் எடுத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

இப்போதும் வெள்ளிக்கிழமை சூடம் உண்டு. அப்படியே கும்பகோணம் வரை ஓட்டிப்போய்க் காபி குடித்துவிட்டு வருகிறோம். சூடம் அணைவதற்குள் மாமியார் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.