ஆட்சேதம் இல்லாத ஸ்டேஷன்

அர்த்தநாரிக்கு நெருப்பென்றால் பயமில்லை, ஆபீஸென்றால்தான் பயம். குமாரபாளையத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் தீயணைப்பு நிலையத்து லீடிங் ஃபயர்மேன் அவர். மணி அடித்ததும் ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், நெருப்பை அணைத்துவிட்டு அத்தனை பேரையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல ஒருத்தரும் பிறக்கவில்லை.

அந்த ஊரில் எரிவதெல்லாம் பஞ்சுதான். கழிவுப் பஞ்சு குடோனில் பிடித்த தீ கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடக்கும். அந்தப் பாழாய்ப்போன புகைக்குள் நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நுழைய வேண்டும். எப்போதும் முதலில் நுழைகிறவன் மாதையன். எண்பதாம் வருஷக் கோடையில் வெள்ளியங்கிரி என்கிற வியாபாரியின் குடோன் எரிந்தபோது, அவனைக் காலைப் பிடித்துத்தான் வெளியே இழுத்துப் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்த இருமல் அவனை விடவில்லை. ஏணியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவான். அதனால் இப்போது முதலில் நுழைகிறவன், புதிதாகக் கல்யாணமான சென்னியப்பன்.

குடோன் சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் மாதையன் இருமுவதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மூச்சுக் கருவி இல்லையா? முதுகிலே காத்து சிலிண்டர், முகத்துக்கு ஒரு மூடி. அதுக்கு கவர்மென்டுல பாதுகாப்பு மானியமே இருக்கே, எழுதிக் கேளுங்க" என்றார். யாருக்கு எழுதுவது என்று கேட்பதற்குள் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். நல்ல மனுஷன்!

அர்த்தநாரி தாலுகா ஆபீஸில் போய் நின்றார்.

"மானியமா? கெணத்து மோட்டாருக்குங்களா, உரத்துக்குங்களா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"நெருப்புக்குங்க."

குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு யூனியன் ஆபீஸுக்குக் கையைக் காட்டினார். யூனியனில் சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். சேலத்தில் ஒருத்தர், "எரியறது பஞ்சுதானே, கைத்தறி ஆபீஸைக் கேட்டீங்களா?" என்றார். கைத்தறி ஆபீஸில் டீ வாங்கிக் கொடுத்து, தாலுகா ஆபீஸுக்கு வழி சொன்னார்கள். அட சாமி! பஸ்ஸில் திரும்பி வருகையில், தாம் எதைக் கேட்கக் கிளம்பினோம் என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

இப்படி அலைந்து ஒருவழியாகச் சரியான ஆபீஸைக் கண்டுபிடித்தார். அதுவும் சேலத்தில்தான், ஏற்கெனவே அவர் போன கட்டடத்தின் மாடியில். அதிகாரி தன்மையான ஆள். உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "உங்க ஸ்டேஷன்ல இதுவரைக்கும் யாருக்காவது அடி பட்டிருக்கா?" என்றார்.

அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லைங்க!"

"ரொம்ப சந்தோஷம். அப்ப உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. அடிபடற ஸ்டேஷனுக்குத்தான் முதல்ல."

வாய் முந்திக்கொண்டது. ஆனால் அவர் வேறெப்படிச் சொல்வார்? அடி பட்டதென்று எழுதினால் கவனக்குறைவு என்று மெமோ வரும், இன்கிரிமென்ட் நிற்கும். ஆகவே அந்த ஸ்டேஷனில் யாருக்கும் அடியே படாது. தீப்புண்ணுக்குத் தோசை மாவை அப்பிக்கொள்வார்கள். கை பிசகினால், "ஊட்டுல வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்பார்கள். ஒவ்வொரு தீ விபத்து ரிப்போர்ட்டின் கடைசி வரியிலும் 'ஆட்சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அர்த்தநாரியேதான்.

தட்டுத்தடுமாறி மாதையன் கதையைச் சொன்னார். அதிகாரி யோசித்து, "அப்ப டாக்டர் சர்ட்டிபிகேட்டோட வாங்க" என்றார்.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தால் மாதையனுக்கு வேலை போய்விடும். காட்டாவிட்டால் மூடி வராது. அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பக்கம் போனாலும் பாவம், அந்தப் பக்கம் போனாலும் பாவம். விஷயம் எப்படியோ மாதையன் காதுக்கு எட்டிவிட்டது.

"என்னையே காட்டுங்கண்ணா" என்றான்.

"உன்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாங்கடா."

"அனுப்பட்டும். சென்னியப்பனையும் நான் காலைப் புடிச்சு இழுக்கோணுமா?"

சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். சங்ககிரியில் வண்டி நின்றதும், இறங்கித் திரும்பிவிடலாம் என்று அர்த்தநாரி எழுந்தார். மாதையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

சேலம் ஆஸ்பத்திரியில், நுரையீரல் கெட்டுவிட்டது, வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மாதையன் ஒரு பெட்டிக்கடை போட்டான். அவன் மனைவி சாலம்மாள் அன்றிலிருந்து அர்த்தநாரியோடு பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாம் செய்தது சரியா தப்பா என்று அவருக்கும் விளங்கவில்லை.

மறுவருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கருவிகள் வந்து இறங்கின. சந்தனம், குங்குமம் வைத்து, பொரி படைத்துக் கும்பிட்டார்கள். முதலில் யார் போட்டுப் பார்ப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் ரோட்டுக்கு எதிரே பார்த்தார்கள். அர்த்தநாரியே போய் மாதையனைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். சிலிண்டரை மாட்டி, மூடியை முகத்தில் பொருத்தி, திருகைத் திறந்துவிட்டார்.

ஒரு இருமல், இன்னொரு இருமல், அதோடு நின்றது. மாதையன் கண்ணை மூடிக்கொண்டு ஆற அமர மூச்சு விட்டான். கொஞ்ச நேரத்தில் காற்று தீரப்போகிறதென்று கருவி விசிலடித்தது. மூடியைக் கழற்றப் போன சென்னியப்பனின் கையை அர்த்தநாரி பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் உடு. தீர்ற வரைக்கும் இருக்கட்டும்."

கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாலம்மாள் வந்து நின்றிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசினாள்.

"சாமி, ராவுல மட்டும் இதை ஊட்டுக்குக் குடுக்கச் சொல்லி எந்த ஆபீஸுல கேக்கோணுமுங்க?"